இயங்குதளங்களின் வெள்ளோட்டம்

முற்றுப்பெறாத பண்டம் ஒன்றை, அது முற்றுப்பெறவில்லை என்பதைத் தாமே பறைசாற்றிவிட்டு, அதற்கும் ஒரு விலையை நிர்ணயித்து விற்ற நிறுவனங்களையும், அந்த விலையைக் கொடுத்து மனமுவந்து வாங்கிச் சென்ற ஜனங்களையும் கணினியின் சரித்திரம் கண்டிருக்கிறது. 1995-ஆம் ஆண்டில், ஆகஸ்ட் 24-ஆம் தேதி வெளிவரவிருந்த விண்டோஸ் 95 இயங்குதளத்தின் முன்னோட்டப் பதிப்பை மைக்ரோசாப்ட் நிறுவனம் பிளாப்பி வட்டுகளில் அடைத்து 19.95 டாலருக்கு அளித்தது; நவம்பர் மாதத்தில் அது காலாவதியாகிவிடும், அதன்பின் முழுப் பதிப்பைத் தனியே விலைகொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்பது ஒப்பந்தம். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2000 செப்டம்பர் 13 அன்று, பாரிஸ் மாநகரில் நடந்த கண்காட்சியில் ஆப்பிள் நிறுவனம் மேக் ஓஎஸ் எக்ஸ் என்னும் தன் புதிய இயங்குதளத்தின் பொதுச் சோதனைப் பதிப்பை 29.95 டாலர் விலையில் வெளியிட்டது. அதுவும் 2001 மே மாதத்துக்குமேல் இயங்காது. பின்னால் வந்த முழுப் பதிப்பின் விலையாகிய 129 டாலரில், சோதனைப் பதிப்பை வாங்கியவர்களுக்கு 30 டாலர் தள்ளுபடி கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவதே நியாயம். இன்று இத்தகைய பதிப்புகளைப் பெரிய நிறுவனங்கள் இனாமாகவே தருகின்றன. விலை போய்விட்டதே யொழிய, கொடுக்கல் வாங்கல் போய்விடவில்லை. சோதித்துப் பார்ப்பவன் தன் கணினியையும் நேரத்தையும் கொடுக்கிறான். அதற்கு ஈடாக அவன் பெறுவது யாது, அவனுடைய சொல் எந்த அளவுக்கு எடுபடுகிறது என்பதே இக்கட்டுரையில் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

கோயிலுக்குப் புதுத் தேர் ஒன்று செய்து முடித்தால், அதை வீதியில் வெள்ளோட்டம் விடும்போது உற்சவமூர்த்தியை அதில் எழுந்தருளச் செய்வதில்லை. அச்சு முறிந்தாலும் சக்கரம் கழன்றாலும் நஷ்டம் மரத்தோடும் இரும்போடும் நின்றுவிட வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் உட்கருத்து. கணினியின் வெள்ளோட்டத்திலோ, பயன்படுத்துகிறவர்களில் கணிசமானோர் மூர்த்தியையும் ஆபரணங்களையும் ஏற்றிவைத்துக்கொண்டே வடம்பிடிக்கிறார்கள். பிள்ளைகளின் புகைப்படங்களும், வருமானவரிக் கணக்குகளும், பத்து ஆண்டுக் கடிதங்களும் இருக்கிற ஒரே வட்டிலேயே சோதனைப் பதிப்பை நிறுவிவிடுகிறார்கள். முக்கியமான கணினியில் நிறுவாதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் உண்மையான உபயோகத்தில் மட்டுமே வெளிப்படுகிற குறைகளைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் பொதுமக்களை அழைப்பதும். ஆகவே எச்சரிக்கையை எல்லோரும் சிரமேற்கொண்டு ஒழுகினால் அழைப்பின் பிரயோஜனத்தில் பாதி போய்விடும். இந்த முரண்பாடு இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

பொதுமக்களை ஏன் அழைக்க வேண்டியிருக்கிறது என்ற கேள்விக்கு விடை, இயங்குதளம் என்பதன் இயல்பிலேயே இருக்கிறது. அது தானாக ஒரு காரியமும் செய்து காட்டுவதன்று. பிறர் எழுதிய மென்பொருளுக்கும் பிறர் செய்த கருவிகளுக்கும் நடுவே நின்று இருதரப்பையும் இணங்கிப்போகச் செய்வதே அதன் தொழில். எத்தனை பெரிய நிறுவனமாயினும், உலகத்திலுள்ள அச்சுப்பொறிகளையும் ஒலிப்பலகைகளையும், பெயர் மறந்துபோன பழைய விளையாட்டுகளையும், ஒன்றோடொன்று சேர்ந்திருக்கிற சேர்க்கைகள் அனைத்தையும் தன் பரிசோதனைச் சாலைக்குள் கொண்டுவந்து அடுக்கிவைக்க இயலாது. இதற்குப் பிரசித்தமான உதாரணம், நகர நிர்மாண விளையாட்டாகிய சிம்சிட்டி. தனக்குத் தேவையில்லையென்று திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகப் பகுதியை மறுகணமே எட்டிப் படிக்கும் பிழை ஒன்று அதில் இருந்தது. பழைய விண்டோஸில், கொடுத்த இடத்தை வேறு எவரும் உடனே எடுத்துக்கொள்ளாத காரணத்தால், அப்பிழை ஒருவர் கண்ணிலும் படாமல் ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸ் 95-இன் சோதனைப் பதிப்புகளில் விளையாட்டு இயங்க மறுத்தது. குற்றம் விளையாட்டினுடையதே ஆயினும், வாங்குகிறவன் புதிய விண்டோஸைத்தான் பழிப்பான் என்பதை உணர்ந்த மைக்ரோசாப்ட் பொறியாளர்கள், சிம்சிட்டி இயங்குகிறதா என்று பார்த்து, இயங்கினால் நினைவகத்தை உடனே விடுவிக்காமல் நிறுத்திவைக்கும் பிரத்தியேகமான ஏற்பாட்டை இயங்குதளத்துக்குள்ளேயே செய்தார்கள். வெள்ளோட்டத்தின் ஆகச்சிறந்த பலன் இவ்வகையினது என்றே நான் கருதுகிறேன். எவரும் வாதிடவில்லை, அபிப்பிராயம் சொல்லவில்லை; ஒரு பொருள் ஓடவில்லை என்பது தெரிந்தது, ஓடும்படி செய்யப்பட்டது.

ஆனால் இந்தப் பலனுக்கும் ஓர் எல்லை உண்டு. 2006 ஜூன் மாதத்தில் விண்டோஸ் விஸ்டாவின் இரண்டாவது பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு, பொதுமக்கள் கைக்குக் கிடைத்தபோது, திரைக்கும் ஒலிக்குமான டிரைவர்களின் அமைப்பே புதிதாக மாற்றப்பட்டிருந்தமையால், கருவி உற்பத்தியாளர்களின் டிரைவர்களும் இன்னும் வெந்தும் வேகாததுமாகவே இருந்தன. திரை உறைந்து நின்றால், பிழை விஸ்டாவினுடையதா டிரைவரினுடையதா என்பதைச் சாமானியர் எவ்வாறு பகுத்தறிவது? இரண்டு முடியாத பண்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சோதிக்கும்போது, சோதனையின் தீர்ப்பு எதன்மேல் என்பதே நிச்சயமில்லாமற் போகிறது. 2007 ஜனவரி 30 அன்று விஸ்டா கடைகளுக்கு வந்தபின் பல மாதங்கள் வரை அதன்மேல் விழுந்த அவப்பெயரில் டிரைவர்களுக்குரிய பங்கு சிறிதன்று.

அந்த அவப்பெயரைத் துடைப்பதற்காகவே வந்தது என்று சொல்லத்தக்க விண்டோஸ் 7-இன் வெள்ளோட்டம், இவ்வகைச் சோதனைகளுள் சற்று நின்று பார்க்கத்தக்கது. 2009 ஜனவரியில் அதன் பீட்டாப் பதிப்பை, முதல் 25 லட்சம் பேருக்கு மட்டும் என்ற வரம்புடன் வெளியிடப்போவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. குறித்த நாளில் திரண்ட கூட்டத்தைத் தாங்கமாட்டாமல் சர்வர்கள் திணறிய பின்னர், வரம்பையே எடுத்துவிட நேர்ந்தது. முந்தைய பதிப்பினால் மனம் நொந்திருந்தவர்கள் இவ்வளவு ஆர்வத்தோடு அடுத்ததன் வாசலில் வந்து நின்றது விசித்திரமே ஆயினும், நொந்தவனுக்கே மாற்றத்தில் ஆசை அதிகம் என்று கொண்டால் விசித்திரம் ஒன்றுமில்லை. திரையின் முகப்பில் ஒரு சிறு மீன் நீந்திக்கொண்டிருந்தது; பீட்டா என்று ஒலிக்கும் பெயருடைய சண்டைமீன் இனத்தைச் சேர்ந்தது அது, பொறியாளர்களின் சிலேடை. ஒவ்வொரு சாளரத்தின் தலைப்பட்டையிலும் கருத்தைத் தெரிவிக்க ஓர் இணைப்பு வைக்கப்பட்டிருந்தது. செய்த செயல்களைப் படிப்படியாகப் படம்பிடித்துத் தொகுத்துத் தரும் ஒரு கருவி, சோதிப்பவர்களின் முறையீட்டுக்கென்று ஏற்பட்டு, பயன்பாடு கருதி முழுப் பதிப்பிலும் நிலைத்துவிட்டது. குறையும் இல்லாமலில்லை: பாட்டின் பெயர் முதலிய விவரங்கள் அதிகமாகப் பொதிந்த எம்பி3 கோப்புகளின் தொடக்கத்தில் சில விநாடிகள் அழிந்துபோகக்கூடிய பிழை ஒன்று இருப்பது தெரிந்து, பீட்டா வெளியாகும்போதே அதற்கான திருத்தமும் கூடவே அனுப்பப்பட்டது. அத்திருத்தத்தை நிறுவ மறந்து தம் பாட்டுத் தொகுப்பைத் திறந்தவர்களின் கதியை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அவ்வெள்ளோட்டத்தில் நடந்த இன்னொரு காரியம் அதைவிட முக்கியமானது. பீட்டாவிலிருந்து அடுத்த படியாகிய வெளியீட்டு வேட்பாளர் பதிப்புக்கு நேராக மாறிச்செல்ல மைக்ரோசாப்ட் இடங்கொடுக்கவில்லை. விஸ்டாவுக்குத் திரும்பிப்போய் அங்கிருந்து ஏறி வாருங்கள், அல்லது அனைத்தையும் துடைத்துப் புதிதாக நிறுவுங்கள் என்று சொல்லிவிட்டது. பீட்டாவிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல்தான். ஆனால் நாளைக்குக் கோடிக்கணக்கானவர்கள் ஏறப்போகும் பாதை விஸ்டாவிலிருந்து விண்டோஸ் 7-க்கு ஏறும் பாதையே யல்லவா? சோதிக்க வேண்டியது அதைத்தான். சோதிப்பவனுடைய சௌகரியமும் சோதனையின் உத்தேசமும் ஒன்றல்ல என்பதை அந்நிறுவனம் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன சந்தர்ப்பங்கள் குறைவு. வேட்பாளர் பதிப்பின் ஆயுளும் கறாராக வரையறுக்கப்பட்டிருந்தது. 2010 மார்ச் 1 முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கணினி தானே அணைந்துவிடும். ஜூன் 1 அன்று முற்றிலும் காலாவதியாகிவிடும். வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் வீட்டுக்காரர்கூட இத்தனை ஒழுங்காக நினைவூட்டுவதில்லை.

இனி, சோதிப்பவர்களின் சொல் எடுபட்டதா என்ற கேள்விக்கு வருவோம். எடுபட்ட கதைகள் உண்டு. மேக் ஓஎஸ் எக்ஸின் பொதுச் சோதனைப் பதிப்பில், பல்லாண்டுகளாக மேக் உபயோகிப்பாளர்கள் கைபழகியிருந்த ஆப்பிள் மெனு நீக்கப்பட்டு, அந்த ஆப்பிள் சின்னம் மெனுப் பட்டையின் நடுவில், தொட்டாலும் ஒன்றும் செய்யாத வெறும் அலங்காரமாக நின்றது. ஆட்சேபங்கள் குவிந்தன, 2001 மார்ச் 24 அன்று முழுப் பதிப்பு வந்தபோது சின்னம் இடப்பக்கத்துக்குத் திரும்பி, மெனுவாகவும் ஆகிவிட்டிருந்தது. விண்டோஸ் 7-இலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு: நிர்வாக அதிகாரம் கோரும் செயல்களுக்கு அனுமதி கேட்கும் காவல் ஏற்பாட்டை, ஒரு சிறு நிரல் எவருக்கும் தெரியாமல் நிறுத்திவிடக்கூடும் என்று வெளியாட்கள் இருவர் 2009 பிப்ரவரியில் காட்டினார்கள். அப்படித்தான் உத்தேசித்தோம் என்று முதலில் பதில் சொன்ன நிறுவனம், கண்டனம் வலுத்தபின் சில நாட்களிலேயே இணங்கி மாற்றியது.

எடுபடாத கதை, விண்டோஸ் 8-இனுடையது. 2012 பிப்ரவரி 29 அன்று வெளியான நுகர்வோர் முன்னோட்டப் பதிப்பில், 1995 முதல் திரையின் மூலையில் நிலைபெற்றிருந்த ஸ்டார்ட் பொத்தான் இல்லை. ஒரே நாளில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் அதை இறக்கிக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து எழுந்த முறையீட்டின் சாரத்தை எவரும் தவறாகப் புரிந்துகொள்ள வழியே இல்லை. ஆயினும் அக்டோபர் 26 அன்று முழுப் பதிப்பு பொத்தான் இல்லாமலே வந்தது. பொத்தான் 2013 அக்டோபரில் 8.1 பதிப்பிலும், அதற்குரிய மெனு 2015 ஜூலையில் விண்டோஸ் 10-இலும்தான் மீண்டன. பொறியாளர்கள் செவிடர்களாய் இருந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கணினிகளிலிருந்து தானாக வந்துசேரும் புள்ளிவிவரங்கள், ஸ்டார்ட் மெனுவின் உபயோகம் குறைந்துவருவதாக அவர்களுக்குக் காட்டியிருந்தன. தொடுதிரைக் காலம் வந்துவிட்டது என்ற நம்பிக்கையில் அந்த இயங்குதளம் முழுவதும் வார்க்கப்பட்டிருந்தது. அஸ்திவாரத்தைப் பற்றிய ஆட்சேபத்தைக் கூரை வேய்ந்த பிறகு கேட்டு என்ன செய்வது? ஆப்பிள் மெனுவைத் திருப்பிவைத்தது சுவரில் ஓர் ஆணியை மாற்றி அடித்தது போன்ற காரியம். பொதுமக்களுக்கு வெள்ளோட்டம் திறக்கப்படுகிற கட்டத்தில், பெரிய தீர்மானங்கள் எல்லாம் முடிந்துபோயிருக்கின்றன. மிஞ்சியிருப்பவை சில்லறைத் திருத்தங்களும், ஓடாததை ஓடவைப்பதுமே. வடிவமைப்பில் தமக்கும் பங்கு உண்டு என்று எண்ணிக்கொண்டு வருகிறவர்களின் ஏமாற்றம் இங்கிருந்தே பிறக்கிறது.

ஆட்களைப் பெருக்கினால் இக்குறை தீரும் என்று எண்ணியதாகவே 2014 செப்டம்பர் 30 அன்று அறிவிக்கப்பட்ட விண்டோஸ் இன்சைடர் திட்டத்தைக் கொள்ளலாம். முழுப் பதிப்புக்கு நெடுநாள் முன்பிருந்தே, வாரந்தோறும் மாதந்தோறும் வரும் இடைக்காலக் கட்டுமானங்களை எவரும் பெற்றுக்கொள்ளலாம். விண்டோஸ் 10 வெளிவருவதற்குள் ஐம்பது லட்சம் பேர் சேர்ந்துவிட்டார்கள். ஆயினும் 2018 அக்டோபர் 2 அன்று வெளியிடப்பட்ட புதுப்பிப்பு, சிலருடைய ஆவணங்களையே அழித்துவிட்டது. ஆவணங்களுக்குரிய அடைவை வேறிடத்துக்குத் திருப்பிவிட்டு, பழைய இடத்திலும் கோப்புகளை விட்டுவைத்திருந்தவர்களின் கணினிகளில், பழைய அடைவு இனி வீண் என்று கருதி இயங்குதளம் அதை உள்ளிருந்தவற்றோடு நீக்கியதே காரணம். நான்கு நாளில் புதுப்பிப்பு நிறுத்தப்பட்டு, நவம்பர் 13 அன்றுதான் மறுபடி வந்தது. வருந்தத்தக்க செய்தி இதுவன்று. சோதனைக் கட்டுமானங்களைப் பயன்படுத்திய சிலர் இதே இழப்பை மாதங்களுக்கு முன்பே முறையிட்டிருந்தார்கள் என்பதுதான். பலர் ஆமோதித்த முறையீடுகளே மேலே மிதந்துவரும்படி ஏற்பாடு இருந்தது. அபூர்வமான பிழைக்கு ஆமோதிப்போர் எங்கிருந்து கிடைப்பார்கள்? ஒரு பொத்தானின் நிறத்தைப் பற்றி ஆயிரம் பேர் ஒன்றுசேர்வார்கள். கோப்பு அழிந்தவனோ தனியாள். அதன்பிறகு, முறையீட்டோடு பாதிப்பின் கடுமையையும் குறிப்பிட அந்நிறுவனம் வசதி செய்தது.

தடையற்ற மென்பொருள் உலகம் இதே பிரச்சினையை வேறுவிதமாக அணுகுகிறது. அங்கே வெள்ளோட்டம் என்பது ஒரு பருவமன்று, ஒரு கிளை. டெபியன் திட்டத்தில் புதிய பொதி எதுவாயினும் முதலில் நிலையற்ற கிளைக்குள் நுழைகிறது. சில நாட்கள் அங்கே தங்கி, கடுமையான பிழை எதுவும் பதிவாகாவிட்டால் சோதனைக் கிளைக்கு ஏறுகிறது. சோதனைக் கிளை உறைந்து திருந்தி, ஒரு நாள் நிலையான வெளியீடாகிறது. அந்த நாள் எது என்பதை நாட்காட்டி தீர்மானிப்பதில்லை. 2002 ஜூலையில் வந்த வெளியீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கழிந்தன. டெபியனிலிருந்து கிளைத்த உபுண்டுவோ ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு என்று நாட்காட்டியையே விரதமாகக் கொண்டது; 2006 ஏப்ரலில் வரவேண்டியதை ஜூனுக்குத் தள்ளிவைத்தது அதன் சரித்திரத்தில் விதிவிலக்கு. முறையீடுகள் அனைவரும் காண வெளிப்படையாக இருப்பதால், தன் பிழைக்கு என்ன ஆயிற்று என்பதைச் சோதித்தவன் பின்தொடர்ந்து பார்க்க முடிகிறது. யாரும் கவனிக்கவில்லை என்பதையும் அவ்வாறே தெரிந்துகொள்ள முடிகிறது.

சோதித்துப் பார்க்கும் முறைகளைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கணினிக்குள்ளேயே கற்பனைக் கணினி ஒன்றை உண்டாக்கி அதில் நிறுவுவது ஆபத்தில்லாதது. ஆனால் அங்கே இயங்குதளத்தின் முகத்தைப் பார்க்கலாமே தவிர, உங்கள் அச்சுப்பொறியோடும் மடிக்கணினியின் தூக்கநிலையோடும் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பார்க்க முடியாது. பென் டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸ் பதிப்புகள் கருவிகளோடு நேராகப் பேசுவதால் இவ்விஷயத்தில் மேல். வட்டைப் பகுத்துப் பக்கத்தில் நிறுவுவதற்குத் துணிவும், அதற்கு முன் பேக்கப்பும் வேண்டும். தனியாக ஒரு பழைய கணினி இருக்குமானால் அதுவே உத்தமம்.

பேக்கப்பினால் காப்பாற்ற இயலாத பொருளும் ஒன்றுண்டு, அது அந்தரங்கம். 2014-இல் வந்த விண்டோஸ் 10 முன்னோட்டப் பதிப்பின் ஒப்பந்த வாசகத்திலேயே, தட்டச்சு செய்யும் எழுத்துகளையும் எழுத்துப்பிழை திருத்தம் முதலிய காரியங்களுக்காகச் சேகரிக்கக்கூடும் என்று கண்டிருந்தது. சோதனைக் காலத்தில் இது அவசியம் என்று வாதிக்கலாம். ஆனால் அத்தகைய வாசகத்தை முழுவதும் படித்துப் பார்த்துவிட்டுச் சம்மதம் தெரிவிப்பவர் நூற்றில் எத்தனை பேர்?

நம் மொழிகளைப் பொறுத்தவரையில், வெள்ளோட்டத்தில் நம்மவர் கலந்துகொள்ளாமை நேராகவே தீங்கு செய்கிறது. 2018 பிப்ரவரியில், ஞானம் என்று பொருள்படும் தெலுங்குச் சொல்லில் வருகிற ஒரு கூட்டெழுத்து செய்தியாக வந்து சேர்ந்தாலே ஐபோனின் செயலிகள் நொறுங்கி விழுந்தன. ஐபோன் இயங்குதளத்தின் அடுத்து வரவிருந்த 11.3-இன் சோதனைப் பதிப்பில் அப்பிழை இல்லை, கைகளில் புழங்கிக்கொண்டிருந்த முழுப் பதிப்பிலே இருந்தது. கோடிக்கணக்கானோர் எழுதும் மொழியின் ஓர் எழுத்து, அத்தனை சோதனைகளையும் கடந்து வந்து வாடிக்கையாளன் கையில் வெடித்தது என்றால், அந்த மொழியில் எழுதிப் பார்த்தவர்கள் போதாது என்றே கொள்ள வேண்டும். தமிழுக்கு விண்டோஸ் 2000 முதல் யூனிகோடு ஆதரவு உண்டு. எனினும் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் நினைவகத்தில் மெய்க்குப் பின்னும் திரையில் அதற்கு முன்னும் நிற்க வேண்டியவை யாதலால், புதிய இயங்குதளத்தில் இடம்மாறிச் சிதறும் வாய்ப்பு எப்போதும் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்களின் நிலை இன்னும் நுட்பமானது. க்னோம் போன்ற திட்டங்களில், வெளியீட்டுக்குச் சில வாரங்களுக்கு முன் திரைச் சொற்களை உறையவைத்துவிடுகிறார்கள். அதன்பின் தன்னார்வலர்கள் தமிழாக்கி முடிக்க வேண்டும். தங்கள் சொல் பொத்தானுக்குள் அடங்கியதா, பாதியில் வெட்டுண்டதா என்பதை அவர்கள் கண்ணாரக் காணும் முதற் சந்தர்ப்பம் சோதனைப் பதிப்புத்தான்.

முழுப் பதிப்பு என்று ஒன்று வந்து சேரும், அத்தோடு வெள்ளோட்டம் முடியும் என்ற பழைய ஏற்பாடே இப்போது தளர்ந்துவருகிறது. டெபியனின் நிலையற்ற கிளைக்கு, திரைப்படமொன்றில் பொம்மைகளை உடைக்கும் அண்டைவீட்டுச் சிறுவனுடைய பெயராகிய சிட் என்பதையே சூட்டியிருக்கிறார்கள். அது எக்காலத்திலும் வெளியீடாவதில்லை. 2020-இல் இன்சைடர் திட்டத்தை மைக்ரோசாப்ட் திருத்தி அமைத்தபோது, அதன் முன்னணித் தடத்தில் வரும் கட்டுமானங்கள் குறிப்பிட்ட எந்த வெளியீட்டோடும் சம்பந்தப்பட்டவை யல்ல என்று அறிவித்தது. அங்கே பரீட்சிக்கப்படும் வசதி பின்னால் வரலாம், வராமலும் போகலாம். அந்தத் தடத்தில் சேர்வதற்கு அமைப்புப் பக்கத்தில் ஓரிரு சொடுக்குகள் போதும். விட்டு விலக விரும்புகிறவரோ, பெரும்பாலும் கணினியை முழுவதும் துடைத்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிக்கொள்ள வேண்டியிருக்கிறது.